கேமரன் மலைக் கற்றாழையும் கடைசி லயத்துப் பாட்டியும்

சென்ற பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டத்துப் பெற்றோர்கள் ஒன்றுகூடி ஒரு பேருந்தை வாடகைக்குப் பிடித்தார்கள். கேமரன் மலைக்கு ஒரு நாள் பயணம். ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு, விடியற்காலை ஐந்து மணிக்கே கோயில் முன்னால் கூடிவிட்டோம். "டீச்சர் கூட வந்தாத்தான் பிள்ளைங்க அடங்கும்" என்று சொல்லி என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பிள்ளைகள் அடங்கினார்களா என்று மட்டும் கேட்காதீர்கள்!

தாப்பாவில் பசியாறிவிட்டு மலையேறத் தொடங்கினோம். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். தூரம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் வளைவுகளோ எண்ணி மாளாது. பின் இருக்கையில் இருந்த பையன்கள் முதலில் பாடினார்கள், பிறகு மௌனமானார்கள், பிறகு பிளாஸ்டிக் பை கேட்டார்கள். ஆசாம் போய் உப்புப் புளிப்புப் பழத்தை வாயில் அடக்கிக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். லாத்தா இஸ்கந்தர் நீர்வீழ்ச்சியில் இறங்கி முகம் கழுவிக்கொண்ட பிறகுதான் எல்லாருக்கும் உயிர் வந்தது.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் கண்டு குறித்ததால் இந்த மலைக்கு அவர் பெயர் நின்றுவிட்டது. 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அந்தத் தேயிலைச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். வண்டி ரிங்லெட்டைத் தாண்டியதும் ஒரு தாத்தா சன்னலைத் திறந்து, "நம்ம ஆளுங்க கை பட்ட மலை" என்று சொல்லிவிட்டு, குளிர் தாங்காமல் உடனே சன்னலை மூடிக்கொண்டார்.

தேயிலை பார்த்தோம். ஸ்ட்ராபெரி பார்த்தோம். முருகன் கோயிலில் கும்பிட்டோம். அதன் பிறகு பிரிஞ்சாங் பக்கத்தில் கள்ளிச் செடிகளுக்கென்றே உள்ள ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தோம். நான் இங்கே எழுத வந்தது அங்கே கண்ட ஒரு செடியைப் பற்றித்தான்.

பெயர் ஒன்று, செடி வேறு

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், பனிக்காற்று வீசும் அந்தச் சரிவில், ஆள் உயரத்துக்கு நின்றது ஓர் ஆனைக் கற்றாழை. சாம்பல் பூத்த நீலப் பச்சை இலைகள். ஒவ்வோர் இலையின் ஓரத்திலும் வரிசையாகக் கொக்கி முள். நுனியில் கோணி ஊசி போல ஒரு கறுப்பு முள். இலைகள் எல்லாம் நடுவிலிருந்து விரிந்து, பெரிய தாமரையைக் கல்லில் செதுக்கி வைத்தது போல் இருந்தது.

எங்களோடு வந்த ஒரு தாய்க்குப் பரம சந்தோஷம்.

"டீச்சர், எவ்ளோ பெரிய கத்தாழை! ஒரு மடல் கிடைச்சா வருசம் பூரா தலைக்குத் தேய்க்கலாம்!"

"ஐயோ, தொடாதீங்க அக்கா! இது தலைக்குத் தேய்க்கிற கத்தாழை இல்லை" என்று நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

வாசகர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழில் நாம் இரண்டையுமே கற்றாழை என்கிறோம். ஆனால் நாம் தலைக்கும் தீப்புண்ணுக்கும் தடவுவது சோற்றுக் கற்றாழை. அதன் பூர்வீகம் அரேபியப் பக்கம். மடலைக் கீறினால் உள்ளே நுங்கு போலச் சோறு இருக்கும். ஆனைக் கற்றாழையோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. முக்கியமாக மெக்சிகோ நாட்டுக்குரியது. மடலை வெட்டினால் உள்ளே நாரும் எரிச்சல் தரும் சாறும்தான். அந்தச் சாறு தோலில் பட்டால் அரிக்கும், தடிக்கும்; கண்ணில் பட்டால் பெரிய துன்பம். பார்வைக்கு இரண்டும் அக்காள் தங்கை போல இருந்தாலும், ஒரே வீட்டில் பிறந்தவை அல்ல.

சரி, இதன் உண்மையான உறவு யார் தெரியுமா? கோயில் மாலையில் கட்டுகிறோமே, மணக்கும் நிலச்சம்பங்கி, அதுதான்! அதுவும் மெக்சிகோவில் பிறந்தது. இன்றைய தாவர நூலார் அதையும் இந்த இனத்திலேயே சேர்த்துவிட்டார்கள். முள்ளுக்கும் மாலைக்கும் இப்படி ஓர் உறவு!

இதை ஆங்கிலத்தில் 'அகேவ்' என்பார்கள். 1753இல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் வைத்த பெயர் இது. மேன்மை மிக்கது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. பகலில் இலைகளின் நுண்துளைகளை மூடிக்கொண்டு, வெயில் தணிந்த இரவில்தான் இவை காற்றை உள்ளே வாங்கும். அதனால் உடம்பிலுள்ள நீர் வீணாவதில்லை. மழை கண்ட இடத்தில் நாம் பிறந்தோம். மழை காணாத இடத்தில் அது பிறந்தது. அதனதன் சிக்கனம் அதனதற்கு.

நம்மைப் போலவே கப்பலேறிய செடி

பால்மரத்தின் கதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்தவற்றில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 கன்றுகளைக் கோலகங்சாரில் நட்டார்கள். அந்தக் கைப்பிடிக் கன்றுகளின் வழியாகத்தான் இந்த நாட்டுத் தோட்டங்களும், லயங்களும், நம் தாத்தா பாட்டிகளின் கப்பல் பயணமும் வந்தன.

கற்றாழைக்கும் இதே போன்ற கதை உண்டு. அதில் 'சீசல்' என்றொரு வகை. மெக்சிகோவின் யுகத்தான் பகுதியிலுள்ள ஒரு துறைமுகத்தின் பெயரே அதற்கு வந்துவிட்டது. ஒரு சீசல் செடி தன் ஆயுளில் 200 முதல் 250 மடல்கள் வரை தரும். ஒரு மடலில் ஏறத்தாழ 1,000 நார் இழைகள் இருக்கும். கப்பல் கயிறு, சாக்கு, பாய் எல்லாம் அதில் செய்யலாம். 1893இல் ரிச்சர்ட் ஹிண்டோர்ஃப் என்ற ஜெர்மானியர் அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து 1,000 கன்றுகளை ஆப்பிரிக்காவுக்கு, இன்றைய தான்சானியாவுக்கு, வரவழைத்தார். பயணத்தில் பிழைத்தவை 62தான். அந்த 62லிருந்து பெருகித்தான் கிழக்கு ஆப்பிரிக்காவில் சீசல் தோட்டங்கள் பரந்தன. இன்று உலகில் மிகுதியாகச் சீசல் விளைவது எங்கே? பிரேசிலில்! அவர்கள் நாட்டு மரம் நம்மிடம் வந்தது. மெக்சிகோ நாட்டுச் செடி அவர்களிடம் போயிற்று.

யுகத்தானில் சீசலின் உடன்பிறப்பான 'எனக்கேன்' என்ற கற்றாழையைப் பெருந்தோட்டங்களாகப் போட்டார்கள். முதலாளிகள் அதைப் பச்சைத் தங்கம் என்றார்கள். மடல் வெட்டியவர்கள் அந்த மண்ணின் மாயா இன மக்கள். அவர்களுக்கு முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டிப்போட்டார்கள். தோட்டத்துக் கடையில் மட்டுமே செல்லும் வில்லையைக் கூலியாகக் கொடுத்தார்கள். தகப்பன் கடன் மகன் தலையில் விழுந்தது. 1910இல் தொடங்கிய மெக்சிகோப் புரட்சிக்குப் பிறகுதான் அந்தக் கட்டு அறுந்தது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு எதுவும் நினைவுக்கு வருகிறதா? நம் நாட்டில் சஞ்சிக்கூலி முறை சட்டப்படி ஒழிந்ததும் அதே 1910இல்தான். கங்காணிகள் ஆள் கட்டி வந்தது 1938 வரை நடந்தது. கடல் இரண்டு, மொழி இரண்டு, செடி இரண்டு. கணக்குப் புத்தகம் மட்டும் ஒன்று போலத்தான் இருந்திருக்கிறது.

அன்பால் அழுகிய செடி

பிரிஞ்சாங்கில் கை அகலக் கன்று ஒன்றை இருபது வெள்ளி கொடுத்து வாங்கினேன். "அக்கா, தண்ணி கொஞ்சமா ஊத்துங்க" என்று விற்ற தம்பி தெளிவாகத்தான் சொன்னான். நான்தான் கேட்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தோட்டக்கலைப் பாடமும் படித்தவள் அல்லவா! எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு.

வீட்டுக்கு வந்ததும் நல்ல பெரிய பூச்சட்டி தேடினேன். கறுப்பு மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பினேன். வெயில் சுடுமே என்று இரக்கப்பட்டு ஐந்தடி நிழலில் வைத்தேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். சட்டிக்கு அடியில் தட்டு வேறு. என் கணவர் பார்த்துவிட்டு, "நீ இவ்வளவு கவனமா எனக்குத் தேத்தண்ணி போட்டதில்லை" என்றார்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் நம் பக்கம் மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் காலை அடி இலை மஞ்சளாக இருந்தது. உரம் போதவில்லை என்று எண்ணி இன்னும் கொஞ்சம் சாணம் போட்டேன். அடுத்த வாரம் நடுக்குருத்தைத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது! அடியில் கொழகொழவென்று அழுகி, நாற்றம் மூக்கைத் துளைத்தது.

பூச்சட்டியைக் கவிழ்த்துக் கொட்டிய அந்த நேரத்தில் எனக்கு ஒருவரின் முகம் நினைவுக்கு வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

கடைசி லயத்தின் மேடு

நான் பிறந்து வளர்ந்தது பேராவில் ஒரு பால்மரத் தோட்டத்தில். பிறகு அங்கே செம்பனை வந்தது. அங்கே ஐந்து லயங்கள் இருந்தன. கடைசி லயத்தின் கடைசி வீட்டில் இருந்தார் ஒரு பாட்டி. தோட்டம் முழுவதற்கும் அவர் 'கடைசி லயத்துப் பாட்டி'தான். விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, பால் வெட்டி, பால் தூக்கி, பிறகு செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கி ஓய்ந்தவர்.

மற்ற வீட்டு வாசல்களில் கறிவேப்பிலை, முருங்கை, செம்பருத்தி. பாட்டி வீட்டுப் பக்கத்தில் மட்டும் ஒரு கற்றாழை. கேமரன் மலையில் கண்டது போல் பருத்ததல்ல. ஒடுங்கிய வாள் போன்ற மடல்கள், இரு ஓரமும் வெள்ளைக்கரை. அந்த வகை நம் தாழ்நிலத்து வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஓரளவு ஈடுகொடுப்பது. பாட்டியின் கணவர் 1985 வாக்கில் எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்த குட்டியாம் அது. நான் அப்போது சிறு பிள்ளை. பந்து விழுந்தால் எடுக்கப் போய், முள் குத்தி அழுததுதான் அந்தச் செடியோடு எனக்கு முதல் பழக்கம்.

பாட்டியின் தகப்பனார் நாமக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். "எங்கப்பாரு சொல்லுவாரு, ஊர்ல வேலிக்கெல்லாம் இதுதானாம். ரயில் ரோட்டு ஓரமா கண்ணுக்கெட்டுன தூரம் இருக்குமாம். மடலை ஊறப்போட்டு அடிச்சு நார் எடுத்து மாட்டுக்குக் கயிறு திரிப்பாங்களாம்" என்று பாட்டி சொல்வார். தமிழ்நாட்டில் ரயில் கற்றாழை என்ற பெயரே உண்டு. ஆக, மெக்சிகோச் செடி நம் ஊருக்கு முன்பே போய் வேலியாக நின்றிருக்கிறது. பாட்டி அதை ஊர்ச்செடி என்றே நம்பினார். நானும் திருத்தவில்லை.

2006இல் அந்தச் செடி பூக்கத் தொடங்கியது. அப்போது நான் அதே தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியை. நடுக்குருத்திலிருந்து பெரிய தண்ணீர்விட்டான் கிழங்கு முளை போல் ஒரு தண்டு கிளம்பியது. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை அழைத்துப்போய், மூங்கில் கழி நட்டு, தினமும் அளந்து கோடு போடச் சொன்னேன். ஒரே நாளில் நான்கு விரற்கடை வளர்ந்த நாளும் உண்டு! லயத்துக் கூரையையும் தாண்டி, பதினான்கு அடிக்குப் போயிற்று. கொத்துக் கொத்தாகப் பச்சையும் மஞ்சளுமாகப் பூக்கள். மெக்சிகோவில் இந்தப் பூவைத் தேடி வௌவால்கள் வருமாம். எங்கள் தோட்டத்தில் தேன்சிட்டும் தேனீயும் வந்தன.

இந்தச் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி இதுதான்: ஆயுளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். நூறாண்டுக்கு ஒரு முறை என்று பேச்சு இருந்தாலும், உண்மையில் பத்து முதல் முப்பது ஆண்டுகளுக்குள் பூத்துவிடும். அத்தனை ஆண்டுகள் மடல்களில் சேர்த்து வைத்த சத்தையெல்லாம் அந்த ஒரு தண்டில் கொட்டிவிடும். பிறகு தாய்ச்செடி காயும். மெக்சிகோ மக்கள் அந்தத் தண்டு கிளம்பும் சமயம் பார்த்துக் குருத்தைக் குடைந்து, ஊறும் இனிப்புச் சாற்றை எடுத்துப் புளிக்க வைப்பார்கள். நம் தென்னங்கள்ளுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கள்ளுக்கடை நம் லயங்களுக்குச் செய்த கேட்டை அறிந்த நான், அந்தச் சாற்றைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை!

பூ உதிர்ந்ததும் தண்டிலேயே நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னக் குட்டிகள் முளைத்தன. விரல் நீளம், நான்கைந்து இலை, அடியில் வேர் முனை. தொட்டால் உதிர்ந்து விழும்.

அதே சமயத்தில்தான் எங்கள் தோட்டத்துக்குக் கடிதம் வந்தது. நிலம் வீட்டுமனைக்கு விற்கப்பட்டுவிட்டது. லயங்களைக் காலி செய்ய வேண்டும். கூட்டம் போட்டார்கள், கோயிலில் கூடினார்கள், இழப்பீடு பற்றிப் பேசினார்கள். பேசிப் பேசி, 2007இல் ஒவ்வொரு குடும்பமாக லாரி ஏறியது. சிலர் கிள்ளானுக்கு, சிலர் பினாங்குப் பக்கம், மற்றவர்கள் பட்டணத்து ஓரத்தில் கட்டிய மலிவு விலை அடுக்குமாடிக்கு. பள்ளியும் இடம் மாறியது.

லாரி ஏறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பாட்டி ஒரு பால் டின்னில் ஒரு கற்றாழைக் குட்டி கொடுத்தார். "தோட்டத்துல இருந்து எடுத்துட்டுப் போக வேற என்ன இருக்கு?" என்றார். எனக்கும் நீட்டினார். எனக்கு அன்று ஆயிரம் வேலை. பள்ளிச் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். "இருக்கட்டும் பாட்டி, நான் வீட்டுக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்றேன்.

போகவில்லை. ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று, மாதம் ஆண்டாயிற்று. மாற்றல், கல்யாணம், பிள்ளைகள். காரணம் சொல்வதற்கா பஞ்சம்? என் பூச்சட்டியில் கேமரன் மலைக் கன்று அழுகி விழுந்தபோது, நான் சொன்ன வார்த்தைக்குப் பதினெட்டு வயது ஆகியிருந்தது.

மாடி வீட்டில் பாட்டி

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே விசாரித்துக்கொண்டு போனேன். பாட்டி உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் மாடி. மின்தூக்கி இல்லை. மூச்சு வாங்கக் கதவைத் தட்டினேன். பேத்தி திறந்தாள். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் பாட்டி. முடி முழுக்க நரை, காது கொஞ்சம் மந்தம். கண் மட்டும் பழைய கண்.

"யாரு? வாத்தியார் வீட்டுப் பொண்ணா? வாம்மா, டீச்சர். குட்டி வாங்க வந்தியா?"

நான் அழுதுவிட்டேன். பாட்டி சிரித்தார். "இதுக்கு ஏம்மா அழுவுற? கத்தாழை எங்கயும் ஓடிப்போகாது" என்றார்.

தேத்தண்ணி குடித்த பிறகு, பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு என்னைக் கீழே அழைத்துப்போனார். முதலில் மாடி நடைபாதையில்தான் டின்னில் வைத்திருந்தாராம். நடைபாதையில் சாமான் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். எதிர்வீட்டுப் பையன் உதவியோடு, மாடிப்படிக்குப் பின்னால், கால்வாய் ஓரத்தில் ஒரு மூலையில் நட்டுவிட்டார். உடைந்த செங்கல்லும் சிமெண்டுக் கட்டியுமாகக் கட்டட வேலைக்காரர்கள் விட்டுப்போன மேடு அது. புல் கூட முளைக்காத இடம்.

அங்கே நின்றது செடி! என் இடுப்பு உயரம். வெள்ளைக்கரை பளிச்சென்று. புல் வெட்டும் இயந்திரம் பட்டு இரண்டு மடல் நுனி ஒடிந்திருந்தது. அதைச் சுற்றிலும் ஏழெட்டுப் பக்கக்கன்றுகள்.

"இன்னும் ரெண்டு மூணு வருசத்துல பூத்துடும்மா. பார்த்துட்டுத்தான் போவேன்" என்றார் பாட்டி. பிறகு, தோட்டத்தை விட்டுப் போனவர்களில் யார் யார் குட்டி பிழைத்தது, யாருடையது போயிற்று என்று கணக்குச் சொல்லத் தொடங்கினார். கிள்ளான் வீட்டில் ஒன்று இருக்கிறதாம். பினாங்கில் இருந்தது செத்துவிட்டதாம். மூன்றாம் லயத்து மருமகள் தன் மகளுக்கே சீர்வரிசையோடு ஒரு குட்டி கொடுத்தாளாம். குட்டிகளின் கணக்கைக் கேட்டால் குடும்பங்களின் கணக்கும் கூடவே வந்தது: யார் கல்யாணம், யார் சாவு, எந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் போனது, எந்தப் பிள்ளை தடம் மாறியது. பதினெட்டு ஆண்டுகள் நான் தொலைத்த செய்திகளை அந்தக் கால்வாய் ஓரத்தில் நின்று அரை மணி நேரத்தில் கேட்டேன்.

பாட்டி சொன்ன பக்குவம்

என் கேமரன் மலைக் கன்று அழுகிய கதையைச் சொன்னேன். பாட்டிக்குக் கோபமே வந்துவிட்டது. "சாணி போட்டியா? நிழல்ல வெச்சியா? அது என்ன பச்சைப் பிள்ளையா? அதைச் சும்மா விடும்மா!" என்றார். அவர் சொன்னதையும், நான் படித்துச் சரிபார்த்ததையும் சேர்த்து, வீட்டில் கற்றாழை வைக்க விரும்புவோருக்காகத் தருகிறேன்.

முதலில் வகை. நம் தாழ்நிலத்துக்கு வெள்ளைக்கரை வாள்மடல் கற்றாழை ஏற்றது. கை ஊன்றி நடக்கும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் முள்ளே இல்லாத வகை ஒன்று உண்டு. இளம்பச்சை மடல் மெத்தென்று இருக்கும், பூந்தண்டு அன்னத்தின் கழுத்தைப் போல் வளையும். அதை வைக்கலாம்.

இரண்டாவது மண். மண் ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, உடைத்த செங்கல் அல்லது சிறு கல் ஒரு பங்கு. சாணம் வேண்டாம். தரையில் நடுவதானால் ஒரு முழம் மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். சட்டியானால் அடியில் ஓட்டை இருக்க வேண்டும், தட்டு வைக்காதீர்கள். தட்டில் தேங்கும் நீர் செடிக்கும் ஆகாது, டிங்கிக் கொசுவுக்கும் தொட்டிலாகும். மடல் இடுக்கில் தண்ணீர் தேங்கினாலும் சாய்த்துக் கொட்டிவிடுங்கள்.

மூன்றாவது வெயில். ஆறு மணி நேர வெயிலாவது படட்டும். நிழலில் வளர்ந்த கன்றை ஒரேயடியாக நட்டநடு வெயிலில் வைத்தால் மடல் வெந்துவிடும். இரண்டு வாரம் காலை வெயிலில் பழக்கிப் பிறகு வையுங்கள்.

நான்காவது தண்ணீர். மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஈரமிருந்தால் போய் வேறு வேலை பாருங்கள். மழை இல்லாத நாளில் வாரம் ஒரு முறை போதும். அடைமழை மாதங்களில் சட்டியைக் கூரை ஓரத்துக்கு, மழை படாமல் வெயில் படும் இடத்துக்கு நகர்த்துங்கள். மஞ்சளாகித் தொளதொளத்தால் தண்ணீர் அதிகம். சுருங்கி மெலிந்தால் தண்ணீர் குறைவு. முன்னதற்கு வைத்தியம் அரிது, பின்னதற்கு ஒரு செம்பு நீர்.

ஐந்தாவது கன்று பிரிப்பது. பக்கக்கன்றைக் கூரிய கத்தியால் தாயிடமிருந்து வெட்டி எடுத்து, உடனே நடாதீர்கள். நிழலில் ஒரு வாரம் கிடக்கட்டும். வெட்டுவாய் காய்ந்த பிறகு நட்டால் அழுகாது. தண்டில் உதிரும் குட்டியை மணல் மேல் வைத்து இலேசாக அழுத்தினாலே போதும், வேர் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாகக் காவல். நடைபாதை ஓரத்தில் வைக்கவே வைக்காதீர்கள். நுனி முள்ளை நகவெட்டியால் நறுக்கிவிடலாம், செடிக்கு வலிக்காது. வெட்டும்போது நீளக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். சாறு பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். சோற்றுக் கற்றாழை என்று எண்ணி யாரும் வாயில் வைத்துவிடாமல், வீட்டில் எல்லாருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

ஏழாவது சட்டி

பாட்டி எனக்கு ஏழு கன்றுகள் கொடுத்தார். "உனக்கு ஒண்ணு, பள்ளிக்கூடத்துக்கு ஆறு. பிள்ளைங்க கையில குடு. ஆனா ஒண்ணு, குடுக்கிறப்போ எந்தத் தோட்டத்துக் கத்தாழைன்னு பேர் சொல்லிக் குடு" என்றார்.

அந்தத் தோட்டம் இருந்த இடத்தில் இன்று வரிசை வீடுகள். போய்ப் பார்த்தேன். கடைசி லயம் எங்கே இருந்தது என்று என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு விளக்குக் கம்பத்தருகே நின்று, இங்கேதான் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு திரும்பினேன். தெருவுக்குப் புதுப் பெயர். அங்கே குடியிருப்பவர்களுக்கு நம் தோட்டத்தின் பெயர் தெரியாது. அது அவர்கள் குற்றமும் அல்ல.

இப்போது நான் பணியாற்றும் பள்ளியைச் சுற்றிலும் செம்பனைதான். திடலின் ஓரத்தில் செங்கல் உடைத்து, மணல் கொட்டி, ஒரு மேடு கட்டினோம். ஆறு கன்றுகளையும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் நட்டார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் மரப்பலகையில் நம் பழைய தோட்டத்தின் பெயரை எழுதி வைத்தோம். ஒரு பையன் கேட்டான்:

"டீச்சர், இது எப்போ பூக்கும்?"

"இருபது வருசம் ஆகலாம்."

"அப்போ நாங்க இங்க இருக்க மாட்டோமே!"

"இருக்க மாட்டீங்க. அதனால போறப்போ ஆளுக்கு ஒரு குட்டி எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

ஏழாவது கன்று என் வீட்டு வாசலில், வெயிலில் நிற்கிறது. நான் அதற்குச் செய்வது மிகக் குறைவு. ஆனால் மாதம் ஒரு முறை மூன்றாம் மாடி ஏறிப் பாட்டியைப் பார்த்து, செடி எப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வருகிறேன். செடியைப் பற்றிப் பேச இரண்டு நிமிடம் போதும். மற்ற பேச்சு முடியத்தான் சாயங்காலமாகிவிடுகிறது.

வாசகர்களே, நீங்கள் விட்டு வந்த தோட்டத்தின் கறிவேப்பிலையோ, மருதாணியோ, கற்றாழையோ யாரிடமாவது இன்னும் இருக்கும். "அப்புறம் வந்து வாங்கிக்கிறேன்" என்று நீங்களும் சொல்லியிருக்கலாம். இந்த வாரமே போய்விட்டு வாருங்கள்.